பிறர் பேரில் வரவு வைத்த பெரியார்: கணித மேதை லெஜாந்தர்

நம் சகோதரர்களில் பெரும்பாலோர் கணக்கோடு வாழ்கிறவர்கள். காலையில் கடை திறந்தால் சிட்டை, இரவில் கடை அடைத்தால் பேரேடு, வருஷ முடிவில் ஐந்தொகை என்று நம் ஆயுளில் பாதி எண்களிடையே கழிகிறது. ஆயினும் அந்த எண்களுக்குள் என்ன இருக்கிறது என்று நின்று யோசிக்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

சில நாட்களுக்கு முன் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் மகன், மேல்வகுப்பில் வாசிக்கும் பிள்ளை, ஒரு கணக்கைக் கொண்டு வந்து நம்மிடம் காட்டினான். ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களை எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் தொகையின் கடைசியில் எத்தனை பூஜ்யங்கள் நிற்கும் என்பது கேள்வி. பெருக்கியே பார்த்துவிடலாம் என்று காகிதத்தை எடுத்தோம். பத்து வரை பெருக்கியதுமே 36,28,800 வந்தது. இருபதை எட்டும்போது 19 இலக்கங்கள் ஆகிவிட்டன. நூறு வரை போனால் 158 இலக்கங்களாம்! பையன் புன்சிரிப்புடன், பெருக்கவே வேண்டாம், லெஜாந்தர் விதி என்று ஒன்று உண்டு என்று சொல்லி, இரண்டே வகுத்தலில் 24 என்று விடை கண்டு காட்டினான்.

சிறு பிள்ளை நமக்குப் பாடம் சொன்னதில் கொஞ்சம் வெட்கம் இருந்தது உண்மைதான். அதைவிட, அந்த லெஜாந்தர் யார் என்று அறியும் ஆவல் அதிகமாக இருந்தது. தேடிப் படித்தோம். படித்தபின், இது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சரித்திரமன்று, கொடுக்கல் வாங்கலில் நாணயத்தையே முதலாகக் கொண்ட வியாபாரிகள் அறிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் என்று தோன்றிற்று. ஆகவே அதனை இவ்விதழில் எழுதுகிறோம்.

இளமையும் கல்வியும்

அத்ரியன் மரி லெஜாந்தர் 1752ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 18ந் தேதி பிரான்ஸ் தேசத்தில் பிறந்தவர். வசதியான குடும்பம். பாரிஸ் பட்டணத்து மஸாரின் கல்லூரியில் கற்று, 1770இல் பௌதிகத்திலும் கணிதத்திலும் ஆய்வுரை அளித்துத் தேறினார். சம்பளத்துக்காக உழைக்க வேண்டிய நிலை அவருக்கு அப்போது இல்லை. எனினும் 1775 முதல் 1780 வரை பாரிஸ் ராணுவப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தார்.

1782இல் பெர்லின் கல்விக் கழகம் ஒரு பரிசுப் போட்டி வைத்தது. பீரங்கியிலிருந்து புறப்படும் குண்டு, காற்றின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு எந்த வளைவில் செல்லும் என்று கணித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பரிசு லெஜாந்தருக்குக் கிடைத்தது. அக்காலத்தில் பெர்லினில் இருந்த பெருங்கணிதர் லாக்ராஞ்சு, இந்த இளைஞர் யார் என்று பாரிஸிலிருந்த லாப்லாஸிடம் விசாரித்தாராம். மறு வருஷமே, 1783இல், பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் லெஜாந்தருக்கு இடம் கிடைத்தது. 1787இல் பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்தையும் இங்கிலாந்தின் கிரீனிச் நிலையத்தையும் அளவால் இணைக்கும் பெரும் பணி நடந்தபோது, பிரெஞ்சுத் தரப்பில் அனுப்பப்பட்டவர்களில் இவரும் ஒருவர். லண்டன் ராயல் சொசைட்டியும் இவரைத் தன் அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

புரட்சியும் முதலின் நஷ்டமும்

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793இல் விஞ்ஞானக் கழகமே மூடப்பட்டது. அந்தக் கொந்தளிப்பில் லெஜாந்தரின் பரம்பரைச் சொத்து கரைந்து போயிற்று. கையிலிருந்த முதல் முழுவதும் போனபின் நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் தொடங்குவது எத்தகையது என்று நம்மில் சிலருக்கு அனுபவத்தில் தெரியும். அந்தச் சமயத்தில்தான் மார்கரீத் குவென் என்னும் இளம் பெண்மணியை அவர் மணந்தார். சிதறிப்போன குடும்ப விவகாரங்களைச் சிறிது சிறிதாக ஒழுங்குபடுத்தி, தாம் அமைதியுடன் ஆராய்ச்சி செய்ய வழி செய்தவர் அந்த மனைவியே என்று முதுமையில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் லெஜாந்தர் நன்றியுடன் தெரிவித்திருக்கிறார்.

1794இல் அவர் எழுதிய க்ஷேத்திர கணித நூல் வெளிவந்தது. இரண்டாயிரம் வருஷங்களாக வழங்கி வந்த யூக்ளிடின் நூலை மாணவர்களுக்கு எளிதாகும்படி முறைப்படுத்தி அமைத்த நூல் அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல தலைமுறைகள் அதைப் பாடநூலாகப் படித்தன. ஸ்காட்லாந்து எழுத்தாளர் கார்லைல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அரசாங்கம் மாறினாலும், கழகம் மூடப்பட்டாலும், ஒரு நல்ல பாடநூல் நடந்துகொண்டே இருக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

நூறு எண்களும் ஒரு விதியும்

நிற்க. பையன் காட்டிய கணக்குக்கு வருவோம்.

1798இல் லெஜாந்தர் எண்களின் இயல்பைப் பற்றி ஒரு பெரு நூல் வெளியிட்டார். பெர்மா, ஆய்லர், லாக்ராஞ்சு முதலியோர் கண்டவை அங்குமிங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றோடு தாம் கண்டவற்றையும் சேர்த்து ஒரே நூலாக்கினார். 1808இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில்தான் நாம் சொல்லும் விதி காணப்படுகிறது. ஒன்று முதல் ஓர் எண் வரை தொடர்ந்து பெருக்கி வரும் தொகையை ஃபாக்டோரியல் என்று பள்ளிகளில் சொல்லுகிறார்கள். அதைக் குறிக்க எண்ணுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போடும் வழக்கத்தைக் கிராம்ப் என்னும் கணிதர் கொண்டு வந்ததும் அதே 1808இல்தான்.

வேறு எண்ணால் வகுபடாத 2, 3, 5, 7, 11 போன்றவை பகா எண்கள். மற்ற எண்கள் யாவும் இவற்றைப் பெருக்கி உண்டானவை. 12 என்பது இரண்டு 2களும் ஒரு 3ம் சேர்ந்த கட்டு. 10 என்பது ஒரு 2ம் ஒரு 5ம் சேர்ந்த ஜோடி. ஒரு தொகையின் கடைசியில் எத்தனை பூஜ்யம் என்று கேட்பதும், அந்தத் தொகைக்குள் எத்தனை 10கள் இருக்கின்றன என்று கேட்பதும் ஒன்றே. டின்னும் மூடியும் தனித்தனியே வந்திறங்கினால், எது குறைவோ அதுதான் நாம் விற்கக்கூடிய சரக்கின் அளவு. இங்கே 2கள் ஏராளம், 5கள் குறைவு. எனவே 5களை எண்ணினால் போதும்.

நூறு வரை 5, 10, 15 என்று ஐந்தின் மடங்குகள் 20. ஆகவே விடை 20 என்று அவசரக்காரர் சொல்லிவிடுவார். அங்கேதான் கணக்கு தவறுகிறது. 25 என்பது 5ஐ 5ஆல் பெருக்கியது. அதற்குள் ஐந்து இரண்டு முறை இருக்கிறது. 50, 75, 100 ஆகியவற்றிலும் அப்படியே. ஒவ்வொன்றிலும் ஒன்றைத்தான் எழுதினோம். இன்னொன்று எழுதப்படாமல் நிற்கிறது. விடுபட்ட அந்த நான்கையும் சேர்த்தால் 24. லெஜாந்தரின் விதி இதைச் சுருக்கமாகச் செய்கிறது. 100ஐ 5ஆல் வகு, 20. அந்த 20ஐ மீண்டும் 5ஆல் வகு, 4. நான்கில் ஐந்து போகாது, நிறுத்து. வந்த ஈவுகளைக் கூட்டு, 24. மீதிகளை விட்டுவிடலாம்.

அதே முறையில் 2களை எண்ணினால் 50, 25, 12, 6, 3, 1, கூட்டினால் 97. 3களை எண்ணினால் 33, 11, 3, 1, கூட்டினால் 48. இப்போது அந்தப் பெருந்தொகையை 12ஆல் மீதியின்றி எத்தனை தடவை வகுக்கலாம் என்று ஒருவர் கேட்டால் நாம் தயங்க வேண்டியதில்லை. ஒரு கட்டுக்கு இரண்டு 2கள் வேண்டும். 97இல் 48 ஜோடி, ஒன்று மிச்சம். 3களும் 48. ஆகவே 48 தடவை சரியாக வகுபடும், 49ஆம் தடவை வகுபடாது. 158 இலக்கமுள்ள தொகையைக் கண்ணால் பாராமலே இதைச் சொல்லிவிடுகிறோம்.

தராசு பிடித்தவர்களுக்கு இன்னொரு வழி இன்னும் சுவையாக இருக்கும். 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போகும் எடைக்கற்கள் நம்மிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 100 எடையை நிறுக்க 64, 32, 4 ஆகிய மூன்று கற்கள் போதும். நூறிலிருந்து அந்த மூன்றைக் கழித்தால் 97. அதுதான் 2களின் எண்ணிக்கை! ஐந்துக்கு 1, 5, 25 என்று கற்கள். நூறுக்கு 25 கல் நான்கு. நூறில் நான்கு போக 96. ஐந்தில் ஒன்று குறைந்த 4ஆல் வகுத்தால் 24. மூன்றுக்கு 1, 3, 9, 27, 81 என்று கற்கள். 81 ஒன்று, 9 இரண்டு, 1 ஒன்று, ஆக நான்கு கற்கள். 96ஐ இரண்டால் வகுத்தால் 48. எந்த எண்ணுக்கும், எந்தப் பகா எண்ணுக்கும் இது பொருந்தும். கற்கள் எத்தனை குறைவாகப் போதுமோ அத்தனைதான் எடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். பத்துச் சரக்குகளில் மூன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எத்தனை விதம் என்று கணக்கிட, 10, 9, 8 ஆகியவற்றைப் பெருக்கி 6ஆல் வகுக்கிறோம், 120 வருகிறது. இப்படிப்பட்ட கணக்குகளில் ஏன் எப்போதும் பின்னமின்றி முழு எண்ணே வருகிறது என்பதை இந்த விதி காரணத்தோடு காட்டும். அதைவிடப் பெரிய பயனும் உண்டு. எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது இருந்தே தீரும் என்பதை 1850ஐ ஒட்டி ரஷ்யக் கணிதர் செபிஷேவ் நிரூபித்தது, ஃபாக்டோரியலுக்குள் இருக்கும் பகா எண்களை இவ்விதம் எண்ணித்தான். அதே உண்மைக்கு 1919இல் மிகச் சுருக்கமான நிரூபணம் எழுதியவர் நம் கும்பகோணத்து ராமானுஜன். அவர் எடுத்துக்கொண்ட அடிப்படையும் இதுவே. ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிஸில் வெட்டிய கிணற்றில் காவிரிக்கரைப் பிள்ளை தண்ணீர் மொண்டது நமக்குப் பெருமையே.

யார் பேரில் வரவு?

ஒரு கண்டுபிடிப்பை யார் பேரில் எழுதுவது என்பது கணித உலகில் பழைய வழக்கு. ஒரு பகா எண்ணுக்கு முன்னுள்ள எண்களை எல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அது அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 7ஐ எடுத்துக்கொண்டால், ஒன்று முதல் ஆறு வரை பெருக்கி 720, ஒன்று கூட்டி 721. ஏழால் வகுத்தால் 103. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் இதை ஏறத்தாழ ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அறிந்து எழுதியிருந்தார். 1771இல் இதை முதன்முதல் நிரூபித்தவர் லாக்ராஞ்சு. ஆனால் பள்ளிப் புத்தகங்களில் இது வில்சன் என்ற ஆங்கிலேயர் பெயரால் வழங்குகிறது. வரவு ஒருவருடையது, பற்றுச்சீட்டு இன்னொருவர் பேரில்.

லெஜாந்தருக்கே இந்த வழக்கில் ஒரு பெரிய மனவருத்தம் உண்டு. ஒரே பொருளைப் பலமுறை அளந்தால் அளவுகள் சிறிது சிறிதாக வேறுபடும். அவற்றிலிருந்து நம்பத்தக்க ஓர் அளவை எப்படித் தேர்வது? ஒவ்வோர் அளவிலும் உள்ள பிழையை வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும்படி விடையை எடுத்துக்கொள் என்னும் முறையை 1805இல் வால் நட்சத்திரங்களைப் பற்றிய நூலின் பின்னிணைப்பாக அவர் அச்சிட்டார். நான்கு வருஷம் கழித்து, 1809இல், ஜெர்மனியின் பெருமேதை காஸ் ஒரு நூல் வெளியிட்டு, அதே முறையைத் தாம் 1795 முதலே கையாண்டு வருவதாகக் கூறி, அது தம்முடையது என்றார். லெஜாந்தர் இதைச் சகிக்கவில்லை. முன்பே கண்டேன் என்று யாரும் சொல்லலாம், உலகறிய முதலில் வெளியிட்டவனுக்கே உரிமை என்பது அவர் கட்சி. காஸுக்கே கடிதம் எழுதினார்; பின்பு அச்சிலும் வாதாடினார். அந்தப் புண் ஆறவே இல்லை. காஸ் பொய் சொன்னார் என்று சொல்வதற்கில்லை. முதலில் அச்சில் தந்தவர் லெஜாந்தர் என்பதிலும் ஐயமில்லை. பேரேட்டில் ஏறாத வரவுக்குச் சாட்சி தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியாதா?

இன்னொரு விஷயத்திலும் காஸ் இவரை முந்தினார். பகா எண்களுக்கிடையே உள்ள ஓர் அற்புதமான பரஸ்பர விதியை லெஜாந்தர் 1785இல் எடுத்துரைத்து நிரூபிக்க முயன்றார். நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. 1801இல் காஸ் அதை முழுமையாக நிரூபித்தார். பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்பது பற்றி லெஜாந்தர் ஊகித்த சூத்திரத்திலும் ஓர் எண் பிசகு. 1.08366 என்று அவர் போட்ட இடத்தில் 1 வர வேண்டும் என்று பிற்காலத்தார் கண்டனர். ஆனால் ஊகத்தின் சாரம் சரியே. 1896இல் அது நிரூபணமாயிற்று.

தம் உரிமைக்காக இப்படி வாதாடிய ஒருவர் பிறர் உரிமையில் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். தனக்கு வர வேண்டியதை வற்புறுத்திக் கேட்கிறவர் எத்தனையோ பேர். பிறருக்குச் சேர வேண்டியதையும் அதே வேகத்தோடு எழுதி வைக்கிறவர் சிலரே.

பெண்மணிக்கும் இளைஞருக்கும்

பெர்மா விட்டுச் சென்ற பிரசித்தி பெற்ற புதிரைப் பற்றி 1820களில் லெஜாந்தர் எழுதியபோது, அதிலுள்ள ஒரு முக்கியமான முடிவு சோபி ஜெர்மேன் என்னும் பெண்மணி கண்டது என்று பெயர் குறித்து எழுதினார். பெண்களைக் கழகத்தில் அங்கத்தினராகச் சேர்க்காத காலம் அது. அவர் பெயரை விட்டுவிட்டிருந்தால் கேட்பார் யாரும் இல்லை. அந்த அடிக்குறிப்பால்தான் அம்மையாரின் அந்த உழைப்பு நெடுங்காலம் உலகுக்குத் தெரிந்திருந்தது. 1825இல் டிரிஷ்லே என்ற இருபது வயது இளைஞர் அதே புதிரின் ஐந்தாம் படியில் ஒரு பகுதியைத் தீர்த்துக் கழகத்தின் முன் வைத்தார். அதைப் பரிசீலிக்க அமர்ந்த லெஜாந்தர், தம் எழுபத்திரண்டாம் வயதில், மிஞ்சியிருந்த பகுதியைத் தாமே முடித்துக் கொடுத்தார்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை அதன்பின் வந்தது. நீள்வட்ட வளைவுகளை அளப்பதில் எழும் ஒருவகைத் தொகைகளை லெஜாந்தர் 1786 முதல் ஏறத்தாழ நாற்பது வருஷம் ஆராய்ந்தார். உலகில் வேறு யாரும் அதில் அவ்வளவு கவனம் செலுத்தவில்லை. ஒற்றை ஆளாக அட்டவணைகள் கணித்து, 1825இல் தொடங்கிப் பெரு நூலாக அச்சிட்டார். அச்சின் ஈரம் காய்வதற்குள், நார்வே தேசத்து ஆபெல், ஜெர்மனியின் யாக்கோபி என்ற இரு இளைஞர்கள், இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள், முழு விஷயத்தையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, கிழவர் நாற்பது வருஷத்தில் காணாததைக் கண்டுவிட்டார்கள். 1827இல் யாக்கோபியின் கடிதம் பாரிஸ் வந்தது.

இத்தகைய நேரத்தில் ஒரு பெரிய மனிதர் என்ன செய்வார்? கண்டும் காணாதவர்போல் இருப்பார். அல்லது குறை காண்பார். லெஜாந்தர் அதைக் கழகத்தில் தாமே அறிவித்தார். அந்த இளைஞரோடு தொடர்ந்து கடிதம் எழுதிக்கொண்டார். அதோடு நில்லாமல், தம் நூலுக்கு 1828 முதல் 1832 வரை அனுபந்தங்கள் எழுதி, அவற்றில் ஆபெலும் யாக்கோபியும் கண்டவற்றை அவர்கள் பெயரால் விளக்கினார். தம் நூல் பழசாகிவிட்டது என்று தம் கையாலேயே எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஆனால் உண்மையை மறைக்கலாகாது. ஆபெல் விஷயத்தில் அவர் மேல் ஒரு குறையும் உண்டு. 1826 அக்டோபரில் ஆபெல் பாரிஸில் இருந்தபோது ஒரு மகத்தான கட்டுரையைக் கழகத்தில் சமர்ப்பித்தார். அதைப் படித்து அறிக்கை தர நியமிக்கப்பட்டவர்கள் கோஷியும் லெஜாந்தரும். கட்டுரை கோஷியிடம் கிடந்தது. மை வெளிறி எழுத்து புலப்படவில்லை என்பது பின்னால் லெஜாந்தர் சொன்ன சமாதானம். மனம் வைத்திருந்தால் நல்ல பிரதி கேட்டு வாங்கியிருக்கலாம். 1829 ஏப்ரலில், இருபத்தாறு வயதில், வறுமையிலும் க்ஷயத்திலும் ஆபெல் இறந்தார். 1830இல் கழகம் தன் பெரும் பரிசை ஆபெலுக்கும் யாக்கோபிக்கும் சேர்த்து அளித்தது. ஒருவருக்கு அது கல்லறைப் பரிசு. அந்தக் கட்டுரை 1841இல்தான் அச்சேறிற்று. 25க்குள் இருக்கும் இரண்டாவது ஐந்தை விடாமல் எண்ணச் சொன்னவர், மேஜையில் இருந்த ஒரு கட்டுரையை எண்ண மறந்தார். நேர்மையாளர்களுக்கும் தாமதம் என்னும் குற்றம் நேரலாம். அதை நாம் நம் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுக்கு விலை

லெஜாந்தரின் கடைசிக் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1824இல் கழகத்தில் ஓர் இடத்துக்குத் தேர்தல் வந்தது. அரசாங்கம் தனக்கு வேண்டியவர் ஒருவரை நிறுத்தி, அவருக்கே ஓட்டுப் போட வேண்டும் என்று எதிர்பார்த்தது. லெஜாந்தர் மறுத்துவிட்டார். கல்வி ஸ்தாபனத்தில் இடம் தகுதிக்கு உரியது என்பதில் அவர் அசையவில்லை. உடனே அவருடைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. வயது எழுபதுக்கு மேல். பழைய சொத்து புரட்சியோடு போயிற்று. கையிருப்பு அந்த ஓய்வூதியமே. ஒரு ஓட்டை மாற்றிப் போட்டிருந்தால் மாதந்தோறும் பணம் வந்திருக்கும். அவர் மாற்றவில்லை. 1828இல் மந்திரிசபை மாறியபின் ஓய்வூதியத்தில் ஒரு பகுதி மட்டும் திரும்பக் கிடைத்தது.

அந்த வருஷங்களில்தான் அவர் யாக்கோபிக்காகவும் ஆபெலுக்காகவும் அனுபந்தங்கள் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நாம் சேர்த்து நினைக்க வேண்டும். தம் வரவு குறைக்கப்பட்ட நாட்களில் பிறர் வரவைக் குறைக்காமல் எழுதியவர் அவர்.

1830இல் எண்களின் சாஸ்திரம் மூன்றாம் பதிப்பாக இரு பாகங்களில் வந்தது. 1833 ஜனவரியில், எண்பது வயதில், பாரிஸில் காலமானார். பட்டணத்தை அடுத்த ஓதேய் கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவியார் மேலும் இருபது வருஷங்களுக்கு மேல் வாழ்ந்து, கணவர் விட்டுச் சென்ற பொருள்களைப் பேணிக் காத்து, தாங்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டை அந்தக் கிராமத்துக்கே எழுதி வைத்தார்.

முகம் மாறிய கதை

பிறர் பெயரைச் சரியாக எழுதிய இப்பெரியாரின் முகத்தையே உலகம் நெடுங்காலம் தவறாக வைத்திருந்தது வேடிக்கை. கணித நூல்களில் லெஜாந்தர் என்று அச்சிட்டு வந்த படம் உண்மையில் லூயி லெஜாந்தர் என்ற அரசியல்வாதியின் படம். பாரிஸில் இறைச்சிக்கடை வைத்திருந்து புரட்சியில் சேர்ந்தவர். பெயர் ஒன்றாயிருந்ததால் வந்த குழப்பம் 2005இல்தான் வெளிப்பட்டது. நம் கணிதருடையது என்று தெரிந்த படம் ஒன்றே ஒன்று. 1820இல் புவாலி என்ற ஓவியர் வேடிக்கையாகத் தீட்டிய கேலிச்சித்திரம் அது. பாரிஸின் ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களில் அவர் பெயரும் உண்டு. முகம் தவறினாலும் பெயர் தவறவில்லை.

சகோதரர்களே, வியாபாரத்தில் பெரிய தொகைகளை யாரும் மறப்பதில்லை. விடுபடுவது எப்போதும் உள்ளே மறைந்திருக்கும் சிறு பங்குதான். கடைப் பையனின் உழைப்பு, கூட்டாளியின் யோசனை, வீட்டிலிருந்து தாங்கிய மனைவியின் சிக்கனம் ஆகியவை 25க்குள் இருக்கும் இரண்டாவது ஐந்தைப் போன்றவை. முதல் தடவை எண்ணும்போது கண்ணில் படமாட்டா. ஈவை எடுத்து மறுபடியும் ஒருமுறை வகுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த இரண்டாம் வகுத்தலைச் சோம்பாமல் செய்கிறவரின் கணக்குத்தான் சரியான கணக்கு.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், ஒன்று முதல் ஆயிரம் வரை பெருக்கினால் கடைசியில் எத்தனை பூஜ்யம் என்று கேட்டுப் பாருங்கள். 200, 40, 8, 1 என்று நான்கு ஈவுகளையும் கூட்டி 249 என்று சொல்லும் பிள்ளைக்கு ஒரு நல்ல பேனா வாங்கிக் கொடுங்கள். 200 என்று மட்டும் சொன்னால் கோபிக்க வேண்டாம். லெஜாந்தரின் கதையைச் சொல்லி, இன்னொரு தடவை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.